ஊமை சொன்ன கனவு

ஊமை கண்ட கனவு என்று ஒரு சொலவடை இருக்கிறது. மனசுக்குள் கிடப்பதை வெளியே சொல்ல வழியில்லாமல் தவிப்பவனைப் பார்த்து அப்படிச் சொல்வார்கள். அதை முதன்முதலில் சொன்ன புண்ணியவான் ஒரு ஊமையோடு ஒரு நாளாவது பழகியிருக்க மாட்டான் என்பது என் எண்ணம். பழகியிருந்தால் அந்த வாயை மூடிக்கொண்டிருப்பான்.

ராயப்பன்பட்டியில் அந்தோணிமுத்து என்று ஒரு சம்சாரி. அவருடைய மகள்தான் இன்னாசியம்மாள். இன்னாசியார் திருநாளை ஒட்டிப் பிறந்ததால் அந்தப் பேரை வைத்தார்கள். வைத்து என்ன பயன்? தனக்கு அப்படி ஒரு பேர் இருப்பதே அவளுக்குத் தெரியாது. பிறவியிலேயே காது கேட்காது. கேட்காததால் பேச்சும் வரவில்லை. ஊரார் ஊமைச்சி என்றார்கள். அவள் முன்னால் நின்றுகொண்டே அவளைப் பற்றிப் பேசுவார்கள், சிரிப்பார்கள். காது கேட்காதவளிடம் என்ன கூச்சம் என்பது ஊர் நியாயம். அவளுக்குக் கண் இருந்ததை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறு வயதில் தாய் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தப் பிள்ளை வீட்டுக்குள் ஒரு கன்றுக்குட்டி மாதிரி வளைய வந்தது. பசித்தால் பானையைக் காட்டும். வலித்தால் அழும். அவ்வளவுதான் அதன் பேச்சு. எட்டு வயதில்தான் அவள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு ஆனைமலையன்பட்டியிலிருந்து ஜெயமேரி வந்தாள்.

ஜெயமேரிக்கு வாய் ஓயாது. வந்த இடமோ சத்தமில்லாத வீடு. மாமனார் நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். புருஷனுக்கு வயலே கதி. "பேசாம இருந்தா எனக்குச் சோறு செமிக்காது" என்று சொல்லி, கிடைத்த ஒரே ஆளான நாத்தனாரிடம் பேச ஆரம்பித்தாள். முதலில் வாயால் பேசினாள். பதில் வராமல் போகவே கையால் பேசினாள். பதில் வந்தது.

இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. ஒரு பாஷை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நாம் தாய் தந்தையைக் காட்டுவோம், வாத்தியாரைக் காட்டுவோம். இவர்கள் இருவருக்கும் யாரும் ஒன்றும் தரவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து, கேழ்வரகு திரித்துக்கொண்டே, வெறுங்கையிலிருந்து ஒரு பாஷையை எடுத்தார்கள். தொடக்கத்தில் எல்லாம் கூத்து மாதிரித்தான் இருந்தது. உலக்கை என்று சொல்ல வேண்டுமானால் இன்னாசியம்மாள் எழுந்து நின்று, இரண்டு கையாலும் இல்லாத உலக்கையைப் பிடித்து, மூச்சு வாங்க நாலு குத்துக் குத்திக் காட்டுவாள். ஒரு வருடம் போனது, உட்கார்ந்தபடியே குத்தினாள். இன்னொரு வருடம் போனது. ஒற்றை முஷ்டி ஒரு தடவை இறங்கியது, அவ்வளவுதான். புதிதாகப் பார்க்கிறவனுக்கு அது உலக்கை என்று தெரியாது. அவர்கள் இருவருக்கும் தெரியும். ஆற்றில் உருளுகிற கல் வழவழப்பாவது போல அந்தச் சைகைகள் உருண்டு உருண்டு வார்த்தைகளாகிவிட்டன.

ஆட்களுக்கும் பேர் வந்தது. தாடியை உருவிவிட்டால் கோயில் சாமியார். ஒரு காலைச் சாய்த்தால், நொண்டி நடக்கிற அப்பா. நாலு விரலும் கட்டை விரலும் சேர்ந்து கொத்திக்கொண்டே இருந்தால் ஜெயமேரி. "என்னையத்தான் இப்புடிச் சொல்றாளா, வாயாடின்னு!" என்று அவள் கோபித்துக்கொண்டு, பிறகு அதையே தன் பேராக வைத்துக்கொண்டாள். கன்னத்தைக் கையில் சாய்த்துத் தோளுக்குப் பின்னால் விரலை எறிந்தால் நேற்று. சாய்த்து முன்னால் நீட்டினால் நாளை. தான் பார்த்திராத மாமியாரை ஜெயமேரி இந்தக் கைகளில்தான் பார்த்தாள். வடித்த காது தொங்கும், சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள், இடது முழங்கையில் ஒரு சூட்டுத் தழும்பு. மாமனாரிடம் கேட்டபோது அவர் கண் கலங்கி, "ஆமா, அந்தத் தழும்பு இருந்துச்சு" என்றார். ஆறு வயதுக் குழந்தை, ஒரு சொல்லும் கையில் இல்லாத காலத்தில் பார்த்த தழும்பு அது. அதை எந்தச் சொல்லில் சேர்த்து வைத்திருந்தாள்? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாரும் இருப்பதாகவும் தெரியவில்லை.

இன்னொன்றும் ஜெயமேரி பார்த்தாள். களை பறிக்கிறபோது இன்னாசியம்மாள் சில நேரம் நிமிர்ந்து நிற்பாள். கண் எங்கேயோ இருக்கும். இடுப்போரத்தில் விரல்கள் மட்டும் சின்னதாக அசைந்துகொண்டிருக்கும். என்னடி என்று கேட்டால் சட்டென்று நிறுத்திவிட்டு வெட்கப்படுவாள். நாம் வாய்க்குள் முணுமுணுப்பதைத்தான் அவள் விரலுக்குள் முணுமுணுத்தாள்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதானபோது ஒரு மாப்பிள்ளை பெண் கேட்டு வந்தான். வருடம் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று, தை மாதம். மலைமேல் பெரியாற்று அணை வேலை நடந்துகொண்டிருந்தது. அவள் அண்ணன் உட்படப் பாதி ஆண்பிள்ளைகள் அங்கே போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் பேர் மரிய ஜோசப். பக்கத்துத் தோட்டத்தில் மாடு கட்டிக் கமலையில் தண்ணீர் இறைக்கிறவன். அந்தோணிமுத்துவுக்கும் அந்தக் கிணற்றில் பாத்தியதை உண்டு. அவன் மேட்டில் மாட்டை ஓட்டுவான். இவள் கீழே வெங்காயப் பாத்திக்கு மடை திருப்புவாள். மற்றவர்கள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்வார்கள். இவர்களுக்கு ஒரு கை உயர்ந்தால் போதும். மடை உடைந்துவிட்டது என்று ஆரம்பித்த பேச்சு, மாட்டுக்கு மூக்கில் புண் என்று போய், வேறு எங்கெங்கோ போயிருக்கிறது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்த காதல் இது. ஒருவருக்கும் புரியவில்லை.

மரிய ஜோசப்பின் தாய்க்குத்தான் இது பிடிக்கவில்லை. மகனுக்கு வேறொரு பெண்ணை அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். "பொறக்குற பிள்ளையும் ஊமையாப் பொறந்தா என்னடா பண்ணுவ?" என்று தன் வீட்டுக்குள் கதவை அடைத்துக்கொண்டு மகனிடம் கேட்டாள். பிறகு, சரி, கோயிலில் மூன்று ஓலையும் வாசித்தால் பார்ப்போம், வாசிக்காவிட்டால் நான் சொன்ன பெண் என்றாள். அவனும் தலையை ஆட்டிவிட்டான்.

கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதுக்கு முந்தின நாள் சனிக்கிழமை பெண்ணும் மாப்பிள்ளையும் சாமியாரிடம் போய் ஜெப மந்திரம் ஒப்புவித்து, சம்மதம் சொல்ல வேண்டும். அடுத்த புதன்கிழமை தபசுகாலம், அதாவது நாற்பது நாள் நோன்பு, பிறக்கிறது. பிறந்துவிட்டால் உயிர்த்த ஞாயிறு வரை கல்யாணப் பேச்சே கிடையாது. மரிய ஜோசப்பின் தாய் அதுவரை காத்திருக்கிற ஆள் இல்லை. ஆக, எல்லாம் அந்தச் சனிக்கிழமைச் சாயங்காலத்தில் வந்து நின்றது.

பரலோக மந்திரத்தை எப்படிக் கையால் சொல்வது? ஜெயமேரி தலையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கோயிலில் ஞானப்பாடம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் பங்கிராஸ் ஒரு யோசனை சொன்னார். நல்ல மனுஷர், நல்லதைக் கெடுப்பதற்கென்றே பிறந்த சில நல்ல மனுஷர்கள் உண்டே, அந்த வகை. "மந்திரத்தச் சாமி மன்னிச்சிருவாக. கேள்விதான் முக்கியம். சாமி வாய மூடுன ஒடனே அவ தலைய ஆட்டணும், அம்புட்டுத்தான். நான் பழக்குறேன்" என்றார். மடியில் கருப்பட்டித் துண்டுகளை வைத்துக்கொண்டு மூன்று நாள் பழக்கினார். அவர் வாயை மூடுவார், அவள் தலையாட்டுவாள், கருப்பட்டி கிடைக்கும். எதற்கு இந்தக் கிழவர் தனக்குத் தின்னக் கொடுக்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. கருப்பட்டியை யார் வேண்டாம் என்பார்கள்?

சாமியார் கடல் தாண்டி வந்தவர். தமிழை எழுத்தெண்ணிப் படித்தவர். வாயில் வரும்போது மட்டும் அது கொஞ்சம் நொண்டும். வந்த புதிதில், சோறு வெந்ததா என்று கேட்டிருக்கிறார். சமையல்காரர் நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியுமாகச் சாய்த்து ஆமாம் என்றிருக்கிறார். அவர் ஊரில் தலை பக்கவாட்டில் போனால் இல்லை என்று அர்த்தமாம். சோறு வெந்து குழைந்து ஆறுகிற வரைக்கும் மனுஷர் பட்டினியாகக் காத்திருந்தார் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் தாழ்வாரத்தில் எல்லாரும் கூடினார்கள். அந்தோணிமுத்து, ஜெயமேரி, இன்னாசியம்மாள் ஒரு பக்கம். மரிய ஜோசப்பும் அவன் தாயும் ஒரு பக்கம். சாமியாருக்குப் பின்னால் உபதேசியார். மரிய ஜோசப் மந்திரங்களைத் தட்டுத் தடுமாறி ஒப்பித்துச் சம்மதம் சொன்னான். பிறகு சாமியார் இன்னாசியம்மாள் பக்கம் திரும்பினார்.

"இந்த மனிதனை உன் புருஷனாக ஏற்றுக்கொள்கிறாயா?"

வாய் மூடியது. அவள் தலையாட்டினாள்.

"சாகும்வரை இவனைப் பிரியாமல் இருப்பாயா?"

தலையாட்டினாள். உபதேசியார் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் வினையாகிவிட்டது. சாமியார் திரும்பி அவரைப் பார்த்தார். அவர் கை மடியில் இருப்பதைப் பார்த்தார். பிறகு அதே குரலில், அதே முகத்தோடு கேட்டார்.

"இந்தக் கோயில் மணியை நீதான் திருடினாயா?"

தலையாட்டினாள்.

"நாளைக்கே இவனை விட்டு ஓடிப்போவாயா?"

சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, கருப்பட்டிக்காக உபதேசியாரைப் பார்த்தாள்.

சாமியார் புத்தகத்தை மூடினார். அவருக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். "நான் ஓலை வாசிக்க மாட்டேன். இவள் பாவம் ஒரு குழந்தை. அறியாமல் கொடுக்கிற சம்மதம் சம்மதம் அல்ல. வார்த்தையே இல்லாத இடத்தில் நினைவு எப்படி நிற்கும்?" என்றார். மரிய ஜோசப்பின் தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பத் தயாரானாள்.

ஜெயமேரிக்கு அடக்க முடியவில்லை. "சாமி! அவளுக்குப் புத்தி இல்லைன்னு சொல்லாதீக. அவ பொய் சொல்லுவா, சாமி!"

சாமியார் இப்படி ஒரு நற்சாட்சிப் பத்திரத்தைக் கேட்டதே இல்லை. "என்ன சொல்கிறாய்?"

"போன வருசம் புதுப் பானைய ஒடச்சுட்டா, சாமி. கேட்டா, தலையில ரெண்டு வெரல வச்சு, பக்கத்து வீட்டு ஆடு வந்து முட்டிருச்சுங்கிறா. நானும் நம்பிட்டேன். ஏன்னா, பானை ஓட்டுக்குப் பக்கத்துல ஆட்டுப் புழுக்க கெடந்துச்சு. அப்புறந்தான் தெரியுது, அவளே அள்ளியாந்து போட்டிருக்கா!"

சாமியார் சிரிக்கவில்லை. "அவளே கொண்டுவந்து போட்டாளா?" என்று மெதுவாகக் கேட்டார். ஜெயமேரியின் மனதில் என்ன ஓடும் என்பதைத் தன் மனதில் ஓட்டிப் பார்த்தவள் அல்லவா இவள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் பிடி விடவில்லை. "இருக்கட்டும். அது நடந்ததை மறைப்பது. கல்யாணம் என்பது நடக்காததைப் பற்றிய வாக்கு. பாஷை இல்லாமல் அதை எப்படி நினைப்பாள்?"

"சாமி வந்த புதுசுல சாமிக்குத் தமிழ் தெரியாதே. அப்ப நெனப்பு இல்லாமயா இருந்தீக?"

"என் நாட்டுப் பாஷை என்னிடம் இருந்தது."

"அவகிட்டயும் அவ நாட்டுப் பாஷை இருக்கு, சாமி. அந்த நாட்டுல ரெண்டு மூணு பேருதான் குடியிருக்கோம், அவ்வளவுதான்."

மாமனார் முன்னால் இப்படிப் பேசியதற்காக ஜெயமேரி பிறகு வருத்தப்பட்டாளாம். எனக்கு அவள் காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றுகிறது. சாமியார் இன்னாசியம்மாளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்படியானால் அவளே சொல்லட்டும். நீங்கள் யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. வராத நாளைப் பற்றி, இன்னும் இல்லாத ஒன்றைப் பற்றி அவளாக ஒரு வார்த்தை சொன்னால் நான் ஓலை வாசிக்கிறேன்" என்றார்.

ஜெயமேரி நாத்தனாரைத் தன் பக்கம் திருப்பினாள். தாடிக்காரர் கல்யாணம் கிடையாது என்கிறார், எல்லாவற்றுக்கும் நீ தலையை ஆட்டினாய், உன் தலைக்குள் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறார், நீயே பேசு. கைகள் இவ்வளவுதான் சொல்லின. இன்னாசியம்மாள் முகம் மாறியது. மூன்று நாளாகத் தான் எதற்கு ஆட்டுவிக்கப்பட்டோம் என்பது அந்த நிமிடத்தில்தான் அவளுக்குப் புரிந்தது. நேரே உபதேசியாரிடம் போனாள். அவர் கையிலிருந்த கருப்பட்டியைத் தட்டிவிட்டாள். அது தரையில் விழுந்து உருண்டது.

பிறகு அவள் சாமியாரிடம் போகவில்லை. மரிய ஜோசப்புக்கு எதிரே போய் நின்றாள்.

கன்னத்தைக் கையில் சாய்த்து விரலை முன்னால் நீட்டினாள். மறுபடி சாய்த்தாள், நீட்டினாள். மறுபடி, மறுபடி, கை வேகமாகி ஒரே வீச்சாகத் தூரத்துக்குப் போனது. "நாளைக்கு... இல்ல, ரொம்ப நாளைக்குப் பெறகு" என்று ஜெயமேரி வாயால் சொல்லிக்கொண்டு வந்தாள். தன் வயிற்றைத் தொட்டாள். இப்போது இல்லை என்று கையை விரித்தாள். பிறகு வயிறு வளர்வதாகக் காட்டினாள். அதுவரை ஜெயமேரிக்குத் தெரிந்த பேச்சுதான்.

அடுத்து அவள் செய்தது ஜெயமேரி பதினாலு வருடத்தில் பார்க்காதது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். இரண்டு மூடிய முஷ்டிகளாக முன்னால் நீட்டினாள். புளியங்கொட்டையை ஒளித்து வைத்துக்கொண்டு எந்தக் கையில் என்று பிள்ளைகள் கேட்குமே, அதே மாதிரி.

இன்னாசியம்மாள் வலது முஷ்டியைத் திறந்தாள். கையை வளைத்து ஒரு பிள்ளையை ஏந்தினாள். அதன் தலைமாட்டில் கை தட்டினாள். பிள்ளை சத்தம் வந்த பக்கம் திரும்புவதைத் தன் முகத்தாலேயே காட்டினாள். முஷ்டியை மூடினாள். இடது முஷ்டியைத் திறந்தாள். இன்னொரு பிள்ளை. கை தட்டினாள். பிள்ளை திரும்பவில்லை. மறுபடி தட்டினாள். திரும்பவில்லை. தன் காதைத் தொட்டாள்.

இரண்டு முஷ்டிகளையும் மூடி அவன் முன்னால் நீட்டி, எது என்று தெரியாது என்று தோளைக் குலுக்கினாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். இடது கை மட்டும் அவன் முன்னால் நின்றது.

ஒருவேளை இது வந்தால்?

நாம் இரண்டு வயதில் பால் குடிப்பது போலக் குடித்துவிட்ட சொல் அது. வந்தால், போனால், இருந்தால். ஒருநாளும் அதை நினைத்துப் பார்த்ததில்லை. அவளுக்கு அதை யாரும் ஊட்டவில்லை. கல்யாணம் நின்றுபோகிற அந்த நிமிடத்தில், கோயில் தாழ்வாரத்தில், பன்னிரண்டு கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவளாகவே அதைச் செய்தாள்.

பிறகு கேள்வியைக் கேட்டாள். இடது கையில் அந்தப் பிள்ளையை ஏந்திக்கொண்டு, கமலை மாட்டுக்குப் பின்னால் அவன் நடக்கும் நடையை நடந்து காட்டினாள். அந்த நடை திரும்பிப் பார்க்காமல் போனது. நின்று, புருவத்தைத் தூக்கி, அவனைப் பார்த்தாள். போய்விடுவாயா?

ஜெயமேரி அதை வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவை இல்லை. மரிய ஜோசப்பின் தாய் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கதவை அடைத்துக்கொண்டு தான் மகனிடம் கேட்ட கேள்வி. ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அதை இந்தக் காது கேட்காத பெண் எங்கே கேட்டாள்? எங்கேயும் கேட்கவில்லை. அவளே நினைத்திருக்கிறாள். வெங்காயப் பாத்தியில் நின்றுகொண்டு, எத்தனையோ நாளாக, தனியாக நினைத்திருக்கிறாள்.

சாமியார் எழுந்து நின்றார். அவர் கண்ணில் இருந்ததைப் பயம் என்று சொன்னாலும் தப்பில்லை. பீடத்தில் நற்கருணை அப்பத்துக்கு முன்னால் மட்டும் அவர் அப்படி நின்று ஊரார் பார்த்திருக்கிறார்கள்.

மரிய ஜோசப் பக்கத்தில் வந்து இரண்டு கையையும் நீட்டினான். அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் கையிலிருந்ததை அவன் கையில் வைத்தாள். பிள்ளை தூக்கிப் பழகாத பயல். புல்லுக்கட்டை வாங்குகிற மாதிரி வாங்கினான்.

"ஏலே!" என்று அவன் தாய் அலறினாள். "கழுத்து நிக்காத பிள்ளைடா! தலைக்குக் கையக் குடுடா!"

மரிய ஜோசப் பதறிப்போய் உள்ளங்கையை நகர்த்தி அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டான். நாளைக்கு மூன்றாம் ஓலையை வாசிப்பதாகச் சாமியார் சொன்னார். பிள்ளை விழித்துவிடப் போகிறது என்பது போல, மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்.